வாசகர் கேள்வி: ராஜராஜன் கதையை அழிக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். திருமுறை வகுப்புக்குப் போற ஆறேழு பேரு சேந்து தேவாரம், ஓதுவார்கள், மடங்கள் வரலாறையெல்லாம் யார் வேணும்னாலும் எழுதித் திருத்துற மாதிரி ஒரு இணையக் கலைக்களஞ்சியம் ஆரம்பிச்சோம். பத்து கட்டுரை தேறல, அதுக்குள்ள சண்டை. சிதம்பரத்துல பூட்டிக் கெடந்த அறையைத் தொறந்து கரையான் அரிச்ச ஏட்டை ராஜராஜன் மீட்டார்னு ஒருத்தர் எழுதுறார், ஆதாரம் இல்லன்னு இன்னொருத்தர் அழிக்கிறார். ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாட்ஸப்ல வாய்த்தகராறு. இழுத்து மூடிடலாமா?
- வாசகர், குத்தாலம்

பதில்: மூடாதீங்க சார். எழுதுனவர் "திருமுறைகண்ட புராணம் இப்படிச் சொல்லுது"ன்னு, ஏடு கெடைச்ச கதையைச் சொல்ற அந்தப் பழைய நூல் பேரைப் போட்டு ஆரம்பிச்சிருந்தா அழிச்சவருக்கு வேலையே இல்ல. திருமுறையைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி, திருநாரையூர் பொல்லாப்பிள்ளையார் எல்லாம் வர்ற கதை, அதைத் தூக்கிட்டா உங்க களஞ்சியத்துல அப்புறம் என்ன இருக்கும்? ஆனா கல்வெட்டு சொல்றது வேற. தஞ்சாவூர் பெரியகோயில் கல்வெட்டுல திருப்பதியம், அதாவது தேவாரப் பாட்டு, பாட 48 பிடாரர்னு பாடகர்கள், உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டிமத்தளத்துக்கு ஒருத்தர், ஆக 50 பேரு, ஆளுக்கு தினம் முக்குறுணி நெல்லுன்னு ராஜராஜன் ஏற்பாடு பண்ணினது இருக்கு, ஏடு மீட்டது அதுல இல்ல. இன்னும் ஒண்ணு, 9ஆம் நூற்றாண்டு பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டுலயே திருப்பதியம் பாடுறவங்க வந்துடுறாங்க, அதனால ராஜராஜன் வர்ற வரைக்கும் தேவாரமே யாருக்கும் தெரியாதுன்னு எழுதுனா அது தப்பு. மூணையும் தனித்தனிப் பத்தியா, எது எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிப் போடுங்க.

மீடியாவிக்கி போட்டிருக்கீங்கல்ல? விக்கிப்பீடியா ஓடுறதே அதுலதான், இலவசம். பக்கத்துக்குப் பக்கம் 'பேச்சு'ன்னு ஒண்ணு இருக்கும், சண்டையை அங்க போடுங்க. பழைய பதிப்பெல்லாம் அப்படியே இருக்கும், அழிச்சதைத் திருப்பிக் கொண்டாந்துடலாம். வாட்ஸப்ல கத்துனது நாளைக்கு எவனுக்குக் கெடைக்கும்?

தமிழ் விக்கிப்பீடியாவுலயே எழுத வேண்டியதுதானே, 2003லேருந்து இருக்கேம்பாங்க. அங்கயும் எழுதுங்க. ஆனா அங்க அச்சுல வந்த ஆதாரம் கேப்பாங்க, ஓதுவார் வாயால சொன்னது நிக்காது, நம்ம பக்கத்து சொத்தே அதுதான். நான் ஒரு ஓதுவாரோட நோட்டைப் பாத்தேன், அட்டை போயி காலண்டர் தாளை ஒட்டியிருந்தார், மேகராகக்குறிஞ்சின்னு பேனாவுல எழுதி, பக்கத்துல பென்சில்ல நீலாம்பரின்னு. முன்னது தேவாரத்துப் பண், அதாவது பழைய ராகம், இப்ப அதை நீலாம்பரி ராகத்துலதான் பாடுறாங்க, மழை வேண்டிப் பாடுறதும் அந்தப் பண்ணுதான். ஆத்துல தண்ணி வராத எந்த வருஷம் எந்தக் கோயில்ல பாடுனாரு, யாருகிட்ட பாடம் கேட்டாருங்கறதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல, அவரு இருக்கறப்பவே போயி ரெக்கார்ட் பண்ணுங்க. தேதி, ஊரு, கேட்டது யாருன்னு போட மறந்துடாதீங்க. முதல்ல அவர் சம்மதம். குருகிட்ட கேட்டதையெல்லாம் வெளிய விட சிலருக்கு மனசு வராது, நச்சரிக்கக் கூடாது.

கேள்வி: மடத்துப் பழைய பதிப்புகளை ஸ்கேன் பண்ணி அப்படியே போடலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: எழுதுனவர் காலமாகி 60 வருஷம் தாண்டியிருந்தா போடலாம்மா. மூலம் ஆயிரம் வருஷம் பழசா இருந்தாலும் உரை எழுதுனவர் எப்ப காலமானார்னு பாருங்க, நெறைய பேரு அங்கதான் மாட்டிக்கிறாங்க.