ஊட்டிக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். குளிரில் கரண்டு, கேஸ் செலவு தாங்கவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு உதவி உண்டா?

இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து இருப்பதுதான். விண்ணப்பம் வேண்டாம், பில்லிலேயே கழிந்துவிடும். ஆனால் வாடகை என்கிறீர்களே, தனி மீட்டரா என்று முதலில் பாருங்கள். மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டரை வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிற வீட்டுக்காரர் என்றால், அந்த 100 அவருக்குத்தான். கெய்சர் போட்டு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணப் படியும் கைவிட்டுப் போகும்.

கேஸ் விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். அம்மா கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிப்பவர், உஜ்வலா இணைப்பு, அதாவது ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் கேஸ் இணைப்பு. 2023 அக்டோபரில் மானியம் சிலிண்டருக்கு 300 ரூபாய் ஆனது. முழு விலையும் கொடுத்து வாங்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். அம்மாவுக்கு ஒரு கட்டத்தில் ஏறுவது நின்றுவிட்டது. பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துவிட்டு, சிலிண்டர் போடுகிற பையன்தான் அமுக்குகிறான் என்று முடிவுகட்டி, அவனுக்குக் கொடுத்துவந்த டீயை நிறுத்திவிட்டார்.

லீவில் போய் நான் அலைந்தேன். ஏஜென்சியில் வங்கியைக் கேட்கச் சொன்னார்கள், வங்கியில் ஏஜென்சியை. நாலாவது நடையில்தான் ஒருவர் விளக்கினார்: ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ, பணம் அங்கேதான் போகும். நூறு நாள் வேலைக்கென்று கணக்குத் திறந்து, இரண்டே நாள் போய்விட்டு அம்மா மறந்தே போயிருந்தார். அதில் ஏழு சிலிண்டர் மானியம், 2,100 ரூபாய் உட்கார்ந்திருந்தது. பையனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த முறை டீயோடு இரண்டு வர்க்கியும் வைத்தார்.

‘இலவசம் கொடுத்தே கெடுக்கிறார்கள்’ என்று எழுத வருபவர்களுக்கு: நானும் வரி கட்டுகிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும், குளிக்கவும் வெந்நீர். கீழே இரண்டு மாதம் வரும் சிலிண்டர் எங்களுக்கு ஐந்து வாரம். சிலிண்டர் வண்டி எங்கள் மேட்டுக்கு ஏறாது, தலைச்சுமைக் கூலி தனி. மழையில் பெயர்ந்த ரோட்டைப் போட வேண்டுமென்று எத்தனை மனு! அதே மேட்டில் ரிசார்ட்டுக்குப் போகிற கிளை மட்டும் கண்ணாடி மாதிரி கிடக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யார் பேரிலும் கேஸ் இல்லையென்றால் பெண்கள் பெயரில் உஜ்வலாவுக்கு விண்ணப்பிக்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும்.