கேள்வி – பதில்: ரோபோ எடுத்துத் தரும் நாடாக்கள்

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): ஐயா, பாட்டு கேட்கும் கேசட்டே பழங்கதையாகிவிட்டது. ஆனால் பெரிய நிறுவனங்கள் இன்றும் காந்த நாடாவில் தரவைச் சேமிக்கின்றன என்றும், அந்த நாடாக்களை எடுத்துக் கொடுக்க ரோபோ இருக்கிறது என்றும் எங்கள் பேராசிரியர் சொன்னார். நம்பும்படியாக இல்லையே?

பதில்: பேராசிரியர் சொன்னது சரியே. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்களை மோதவிட்டு நடத்தும் சோதனைகளின் தரவு நிரந்தரமாகத் தங்கும் இடம் காந்த நாடாதான். 2017 ஜூன் இறுதியில் அங்கே நாடாவில் சேர்ந்திருந்த தரவு 200 பெட்டாபைட்டை, அதாவது 2 லட்சம் டெராபைட்டைத் தாண்டியது.

இப்படிப்பட்ட நாடாக்களை அடுக்கி வைத்து ரோபோவால் எடுத்துத் தரும் இயந்திரத்துக்கு நாடா நூலகம் என்று பெயர். அது வெளியிலிருந்து பார்ப்பதற்கு வரிசையாக நிறுத்திய பீரோக்களைப் போல இருக்கும். உள்ளே இருபுறமும் புறாக்கூடு போன்ற சிறு அறைகள் அமைந்திருக்க, ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது நாடா சுற்றிய சிறு பெட்டி, செருகப்பட்டிருக்கும். ஏதேனும் ஒரு கோப்பு தேவைப்படும்போது, அது எந்தக் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது என்பதை மென்பொருள் தன் பட்டியலில் பார்த்துச் சொல்லும். தண்டவாளத்தில் ஓடும் ரோபோக் கை அந்த அறைக்குச் சென்று கார்ட்ரிட்ஜை உருவியெடுத்து, நாடாவைப் படிக்கவும் எழுதவும் செய்யும் டிரைவுக்குள் தள்ளும். வேலை முடிந்ததும் அதே கை அதை மீண்டும் அறைக்குள் வைத்துவிடும். எந்த அறையில் எது இருக்கிறது என்பதை ரோபோ அறிவது கார்ட்ரிட்ஜின் முகப்பில் ஒட்டிய பார்கோடு வழியாகத்தான். ஆகவே லேபிளைக் கோணலாக ஒட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த நூலகமும் திணறும்.

இந்த வேலையை முன்பு மனிதர்கள் செய்தார்கள். திரையில் எண் தோன்றியதும் ஆபரேட்டர் எழுந்துபோய், அலமாரியில் தேடியெடுத்து வந்து மாட்டுவார். 1987-இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் உள்ளே ரோபோ வேலை செய்யும், 12 பக்கங்கள் கொண்ட, குதிர் போன்ற ஒரு கூண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 6,000 கார்ட்ரிட்ஜ்கள் கொண்ட அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 1.2 டெராபைட்தான். இன்றோ, எல்.டி.ஓ. என்ற நாடா வகையின் ஒன்பதாம் தலைமுறையாக 2021-இல் வெளிவந்த எல்.டி.ஓ.-9 கார்ட்ரிட்ஜ் ஒன்றே, தரவைச் சுருக்காமல் 18 டெராபைட் கொள்கிறது. அப்படிப்பட்ட 15 குதிர்கள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தனியார் நிறுவன மேலாளர் ஒருவர்): நாடா மிக மெதுவானது என்கிறார்கள். ஹார்டு டிஸ்க் விலை இவ்வளவு குறைந்த பிறகும் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

பதில்: மெதுவானது என்பது பாதி உண்மை. எல்.டி.ஓ.-9 நாடாவின் நீளம் 1,035 மீட்டர்; அதில் நமக்கு வேண்டிய கோப்பு எங்கோ நடுவில் இருக்கும். ரோபோ எடுத்து மாட்டி, நாடா சுழன்று அந்த இடத்தை அடைய ஒரு நிமிடம், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலைக்கு இது சற்றும் பொருந்தாது. ஆனால் அந்த இடத்தை அடைந்த பிறகு நொடிக்கு 400 மெகாபைட் வரை பாய்கிறது; சாதாரண ஹார்டு டிஸ்க்கை விட இது அதிகம். அனுப்பும் கணினிதான் பல நேரங்களில் ஈடுகொடுக்க முடியாமல் திணறும். அப்போது நாடா நின்று, பின்னே போய், மறுபடி முன்னே ஓடி ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். செருப்புக்குப் பாலிஷ் போடுவதைப் போல இருப்பதால் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஷூ ஷைனிங்’ என்கிறார்கள். நாடா மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

விலையும் மின்செலவும் நாடாவின் பக்கம் உள்ளன. அறையில் உறங்கும் கார்ட்ரிட்ஜுக்கு மின்சாரம் வேண்டாம். எனினும் என் பார்வையில் அவை இரண்டாம்பட்சக் காரணங்களே. 2011 பிப்ரவரி இறுதியில், கூகுள் செய்த ஒரு மென்பொருள் மாற்றத்தில் இருந்த பிழையால், ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதத்தினரின் அஞ்சல்பெட்டி காலியாகத் தெரிந்தது. பல டேட்டா சென்டர்களில் பிரதிகள் இருந்தும் பிழை அவற்றையும் பாதித்துவிட்டது. இணைப்பில் இல்லாததால் அந்தப் பிழை எட்டாத நாடாக்களிலிருந்துதான் அஞ்சல்களை மீட்டார்கள். உடனே கைக்கு எட்டாமல் இருப்பது நாடாவின் குறை என்று நினைக்கிறோம். பிழையான மென்பொருளுக்கும், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேருக்கும் எட்டாமல் இருப்பதும் அதே குணத்தால்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை: நூலகத்துக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை ரோபோவால் எப்போதும் மாட்ட முடியும். கட்டுப்பாட்டு மென்பொருளின் கடவுச்சொல் களவுபோனால், திருடனுக்கும் அந்த ரோபோ பணிந்து வேலை செய்யும். ஆகவே ஒரு பிரதியை வெளியே எடுத்து, வேறு கட்டடத்தில் பூட்டி வைப்பவர்களே முழுமையாகப் பாதுகாக்கிறார்கள்.

கேள்வி (கணினித் துறை ஊழியர் ஒருவர்): இதை வீட்டிலும் வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ் விலையோ லட்சங்களில். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைக் கழற்றி உறவினர் வீட்டில் வையுங்கள்.

கேள்வி (ஆவணப் பிரிவு அதிகாரி ஒருவர்): நாடா 30 ஆண்டுகள் கெடாது என்று விற்பனையாளர் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் பழைய எல்.டி.ஓ. நாடாக்கள் குளிர்சாதன அறையில் பத்திரமாக இருக்கின்றன. அது போதுமா?

பதில்: போதாது. நாடாவின் ஆயுளும் அதைப் படிக்கும் டிரைவின் ஆயுளும் வேறு வேறு. எல்.டி.ஓ.-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எல்.டி.ஓ.-8 முந்தைய ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. ஆகவே உங்களிடம் உள்ளவை எல்.டி.ஓ.-6 நாடாக்கள் என்றால், புதிதாக எல்.டி.ஓ.-8 டிரைவ் வாங்கினாலும் அவற்றைப் படிக்க முடியாது.

அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் 1966–67-இல் நிலவைப் படமெடுத்து அனுப்பியவை சுமார் 1,500 நாடாக்களில் இருந்தன. நாடாக்கள் கெடவில்லை; அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 இயந்திரங்கள்தான் வழக்கொழிந்துவிட்டன. ஓய்வுபெற்ற ஒரு நாசா ஊழியரின் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த சில இயந்திரங்களைப் பழுதுபார்த்து, மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்டு உணவகக் கட்டடத்தில் வைத்து, 2008-இல்தான் முதல் படத்தை மீட்டார்கள். உங்கள் அலுவலகத்துக்கு அந்த நிலை வராதிருக்க, இப்போதுள்ள டிரைவின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிவதற்குள் எல்லா நாடாக்களையும் ஒரு முறை படித்துப் பார்த்து, புதிய தலைமுறை நாடாவுக்கு மாற்றிவிடுங்கள். எந்தக் கார்ட்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்ற பட்டியலையும், மறைகுறியாக்கம் செய்திருந்தால் அதன் சாவியையும் வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள்.