நானோ தொழில்நுட்பம் வந்தால் பல் டாக்டருக்கு வேலை இருக்குமா?

அன்புள்ள அம்மா,

"பல்லுக்குள் ரோபோவே போய் வேலை செய்யுமாம், பிறகு என் மகள் பி.டி.எஸ். படித்து என்ன செய்வாள்?" என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியோடு சேர்த்து 5 ஆண்டுகள், அதற்கான கட்டணம். இந்தக் கவலை நியாயமானதுதான்.

நீங்கள் பார்த்த செய்தி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வு பற்றியது. வேர் சிகிச்சை முடிந்த பிறகும், பல்லின் நுண்குழாய்களில் கிருமிகள் தங்கிவிடுவதுண்டு. சிலிக்காவில் திருகாணி வடிவில் செய்து இரும்பு பூசிய, கண்ணுக்கே தெரியாத நானோ அளவுப் பொருள்களை (செய்தியில் 'ரோபோ' என்றது இவற்றைத்தான்) காந்தப் புலத்தால் அந்தக் குழாய்களுக்குள் செலுத்தி, வெப்பத்தால் கிருமிகளைக் கொன்று காட்டினார்கள். ஆனால் சோதித்தது பிடுங்கிய பற்களில்! அந்த முறை கிளினிக்குக்கு வந்தாலும், பல்லைத் திறந்து வேர்க்கால்வாயைக் கண்டுபிடிக்க டாக்டரின் கை வேண்டும்.

நானோ ஏற்கெனவே வந்துவிட்டது. பல் நிறத்தில் சொத்தையை அடைக்கும் காம்போசிட்டில் நானோ துகள்கள் இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. அதை வைக்கும்போது பாருங்கள்: பல்லை உலர்த்தி, அமிலம் தடவிக் கழுவி, பசை பூசி, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுக வைக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. பொருள் புதியதாக ஆக, கையின் பக்குவம் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

எனவே மகளின் மனம் எதில் நிற்கிறது என்று பாருங்கள். முதலாண்டிலேயே மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள். வீட்டில் ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்து, கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொல்லுங்கள். அலுக்காமல் உட்கார்ந்தால் பி.டி.எஸ். ஏற்றது, பிறகு மேற்படிப்பான எம்.டி.எஸ். படிக்கும்போது நானோ பொருள்களில் ஆய்வு செய்யலாம். "இந்தப் பசை எதனால் ஒட்டுகிறது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் வேதியியலோ பொருள் அறிவியலோதான் அவளுக்கு வழி. பெங்களூரு ஆய்வும் பல் மருத்துவக் கல்லூரியில் பிறக்கவில்லை, நானோ அறிவியல் மையத்தில்தான் பிறந்தது. உயிரியலோடு கணிதமும் எடுத்திருப்பதால் அவளுக்கு இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பிளஸ் டூ முடித்த கையோடு "நானோ பல் மருத்துவம்" என்று விளம்பரம் செய்யும் குறுகியகாலச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அதைக் கொண்டு கிளினிக் நடத்த முடியாது.

நீட் விண்ணப்பம் தொடங்குவதற்குள், தெரிந்த டாக்டரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்க அவளைக் கிளினிக்கில் உட்கார வையுங்கள். அடுத்த நாள் அந்தச் சோப்புப் பல்லோடு அழைத்து வாருங்கள், மூவரும் பேசலாம்.