வெள்ளியில் ஓர் இலை – கடிதம்

அன்புள்ள அக்கா,

கைத்தொழில்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உங்களுக்கே வெள்ளி வேலை தெரியும் என்பதால்தான் இந்தக் கடிதம். நான் அலுவலக வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் விடுமுறையிலும் வெள்ளி நகை செய்கிறேன். எல்லாமே இயற்கையை வைத்துத்தான். உண்மையான இலை, விதை, பூ, சின்னக் கிளைத்துண்டு இவற்றில் மெழுகு தடவி வார்ப்புக்குக் கொடுத்து, வந்ததை அரத்தால் ராவி மெருகு போட்டு, பதக்கமாகவும் கம்மலாகவும் விற்கிறேன். 40-க்கும் மேல் வடிவங்கள் சேர்ந்துவிட்டன. பார்க்கிறவர்கள் "அப்படியே இலை மாதிரியே இருக்கே" என்று வியக்கிறார்கள், ஆனால் வாங்குவது குறைவு. விலை அதிகம் என்கிறார்கள். இதேபோன்ற இலைகள் தொழிற்சாலையில் செய்து மிகக் குறைந்த விலைக்கு வருகின்றன. எனக்கோ, உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன மாதம் ஒரு கம்மல் காம்பு முறிந்து திரும்பி வந்தது, அதிலிருந்து மனசு சரியில்லை. விலையைக் குறைக்கட்டுமா? புது வடிவங்கள் சேர்க்கட்டுமா? வேலையை விட்டு முழுநேரமும் இறங்கினால் சரியாகுமா? சில படங்களையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

படங்களை நிதானமாகப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. ராவிய தடம் தெரியவில்லை, பற்றவைத்த இடத்தில் பொடி வழிந்து நிற்கவில்லை, மெருகும் தேவையான இடத்தில் மட்டும் போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு தெரிந்த ஒருவர் விலையைக் குறைக்கட்டுமா என்று கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுகிறவர்களோடு விலையில் மோதுவதென்றால் உங்கள் உழைப்பை நீங்களே இலவசமாகக் கொடுத்தால்தான் முடியும், இப்போதே கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். "அப்படியே இலை மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அவர்கள் வாங்காததற்குக் காரணம் அந்தப் பாராட்டிலேயே இருக்கிறது. இலையில் மெழுகு தடவி, அதைச் சுற்றி அச்சுக் கலவை ஊற்றிச் சூளையில் வைத்தால் மெழுகும் இலையும் எரிந்துபோய், அந்த வெற்றிடத்தில் வெள்ளி போய் நிறைகிறது. மெழுகு வார்ப்பு பல ஆயிரம் வருடப் பழக்கம், அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வருகிற பதக்கத்தில் ஓரத்தை வெட்டியது மரம், நரம்பை ஓடவிட்டது மரம், வெள்ளியை ஊற்றியது வார்ப்புப் பட்டறை. உங்கள் பங்குக்கு ராவலும் மெருகும் கொக்கியும். அதே மரத்தடியில் இன்னொருவர் போய் நின்றால் அவருக்கும் அதே பதக்கம்தான் கிடைக்கும். காப்பி அடித்துவிட்டார்கள் என்றுகூட நீங்கள் சொல்ல முடியாது, இலை யாருக்கும் சொந்தமில்லை.

அந்த முறிந்த காம்புக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. உயிருள்ள காம்பு நாள் முழுக்கக் காற்றில் ஆடும், ஒன்றும் ஆகாது, உள்ளே நாரும் ஈரமும் இருக்கின்றன. வெள்ளி அப்படி இல்லை. வளைக்க வளைக்க இறுகும், இறுகியதை மேலும் வளைத்தால் விரிசல் விடும். பட்டறையில் நாம் நடுநடுவே 600, 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி இளக்கிக்கொள்கிறோம். அணிகிறவர் காதில் இருக்கும் கம்மலை யார் இளக்குவது? முடியிலும் துணியிலும் சிக்கி இழுபடும்போதெல்லாம் அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேர்வது காம்பின் மிக மெல்லிய இடத்தில். போதாததற்கு, வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுந்திருந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதனால் காம்பை வார்க்காதீர்கள். கம்பியைத் துளைத்தகட்டில் இழுத்து மெலிதாக்கி, நுனியைச் சுத்தியலால் தட்டிச் சரித்து, இலையின் பின்பக்கம் நடு நரம்போடு சேர்த்துக் கீழிருந்து மேல்வரை ஓடவிட்டுப் பற்றவையுங்கள். மேலே வெளிவருகிற கம்பியையே சுருட்டி வளையமாக்கிவிடலாம். இப்போது எடையைத் தாங்குவது கம்பி, இலை அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வந்த கம்மலுக்கும் இதையே செய்யுங்கள், ஆனால் ஜோடியில் மற்றதையும் கேட்டு வாங்கி இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள், இல்லையென்றால் எடை மாறிப்போய் ஒன்று தாழ்ந்து தொங்கும்.

இப்படிச் செய்த உடனே அது "அப்படியே இலை" இல்லாமல் போய்விடும். காம்பு தடித்திருக்கும். ஓரத்துப் பற்கள் துணியில் மாட்டும் என்பதால் அவற்றை மழுக்க வேண்டியிருக்கும். எடையும் ஒரு பிரச்சினை: மெழுகில் ஒரு கிராம் இருப்பது வெள்ளியில் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும், காது அதைத் தாங்க வேண்டாமா? அப்படியென்றால் இலையைச் சிறிதாக்க வேண்டும், அல்லது நரம்பை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை அறுத்து எடுத்துவிட வேண்டும், அல்லது முழு இலையையே விட்டுவிட்டு அது சுருளும் விளிம்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வருகிறது பாருங்கள், உங்கள் நகை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்த முடிவுகளை மரம் எடுக்காது, வார்ப்புப் பட்டறையும் எடுக்காது.

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் (1865–1932) பெர்லினில் மாணவர்களுக்குச் செடிகளைப் பார்த்து உருவம் செய்யக் கற்றுக்கொடுத்தவர். இளவயதில் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பழகியவர். பாடத்துக்காகவே மொட்டு, பற்றுச்சுருள், பெரணியின் சுருண்ட தளிர் இவற்றை எல்லாம் பலமடங்கு பெரிதாக்கிப் புகைப்படம் எடுத்தார். வெறும் பின்னணி, ஒரே ஒரு செடித்துண்டு. வேண்டாத இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் எடுப்பார். அந்தப் படங்களைப் பார்த்தால் இரும்புக் கம்பிவேலை போலத் தெரியும். தேடிப் பாருங்கள், நகை செய்கிறவர்களுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை.

ரெனே லாலிக் என்ற பிரெஞ்சு நகைக் கலைஞரின் தட்டாம்பூச்சிப் பெண்ணையும் பாருங்கள், 1897–98 வாக்கில் செய்தது, லிஸ்பனில் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறகு தட்டானுடையது, உடம்பு பெண்ணுடையது, கால்களுக்குப் பதில் பெரிய நகங்கள். அப்படி ஒரு பூச்சி உலகத்திலேயே கிடையாது, ஆனாலும் அதைப் பார்த்தபிறகு தட்டான் சிறகை நாம் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. அது கால் மீட்டருக்கும் மேல் அகலம், தங்கமும் கற்களும், நம்மால் ஆகிற காரியமில்லை. நமக்கு நெருக்கமானவர் ஜார்ஜ் ஜென்சன். சிற்பம் படித்தவர், 1904-ல் கோபன்ஹேகனில் சின்னதாக ஒரு வெள்ளிப் பட்டறை ஆரம்பித்தார். பூவும் காயும் திராட்சைக் கொத்தும் திரும்பத் திரும்ப வரும் அவர் வேலையில். அவர் பூக்கள் எந்தச் செடியின் அச்சும் இல்லை, உருண்டு திரண்டு, சுத்தியல் பட்ட தடத்தோடு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தே அவருடையது என்று சொல்லிவிடலாம்.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: புது வடிவம் வேண்டாம், இருப்பதையே குறையுங்கள். ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் கண்ணில் படுகிற செடியாக இருந்தால் நல்லது. அதன் மொட்டு, தளிர், பற்றுச்சுருள், காய், வெடித்த காய், பூச்சி கடித்த இலை, காய்ந்து சுருண்ட இலை எல்லாவற்றையும் வரையுங்கள். வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள், யாருக்கும் காட்டப் போவதில்லை. கேமராவில் எடுத்தால் எல்லாமே வந்துவிடும், கை வரையும்போதுதான் எதை விட்டோம் என்று தெரியும். ஒரே செடியிலிருந்து எட்டுப் பத்து நகை செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவை ஒரே குடும்பமாக நிற்கும். ஒரு பதக்கம் வாங்கியவர் அதற்குச் சேர்ந்த கம்மலைத் தேடி உங்களிடம்தான் வருவார். இப்போது உங்களிடம் இருக்கும் 40 வடிவங்களில் ஒன்றுக்கொன்று பேச்சே இல்லை.

இலையின் அச்சே வேண்டும் என்று தோன்றினால் வார்ப்பைவிட உருளை எந்திரத்தை முயன்று பாருங்கள். நன்றாக இளக்கிய வெள்ளித் தகட்டின்மேல் இலையை வைத்து அழுத்தி உருட்டினால் நரம்புகள் தகட்டில் பதிந்துவிடும். பச்சை இலை நசுங்கிச் சாறு விடும், புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தியது நன்றாக வரும், சதை போய் நரம்பு வலை மட்டும் மிஞ்சிய இலை இன்னும் அருமை. பதிந்த தகட்டை நீங்கள் விரும்பிய வடிவத்தில் அறுத்து, அரக்கின்மேல் வைத்துக் குழித்து எடுக்கலாம். இலையின் தோல் கிடைக்கிறது, வடிவம் உங்களுடையது. பற்றுச்சுருளை வார்க்கவே வேண்டாம், கம்பியைத் தட்டி மெலியவைத்துச் சுருட்டினால் போதும், அடி வாங்கி இறுகிய கம்பிக்கு இருக்கும் துள்ளல் வார்ப்பில் வராது.

கறுக்க வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் நகைகள் எல்லாமே பளபளவென்று ஒரே வெள்ளையாக இருக்கின்றன. 92.5 சதவீத வெள்ளி எப்படியும் கறுக்கத்தான் போகிறது, காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு மேலே வெள்ளி சல்ஃபைடு படியும். நீங்களே முந்திக்கொண்டு கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்கவைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்துவிட்டால் பள்ளத்தில் கறுப்பு நிற்கும், நரம்பு எழுந்து வரும். அணிய அணியத் தோலும் துணியும் உரசி மேடு பளபளப்பாகவே இருக்கும், "கறுத்துப்போச்சு" என்ற புகாரும் குறையும். ஆனால் அந்தக் கரைசலைச் சுத்தம் பண்ணும் அமிலத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது விஷவாயு. பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டே வாங்குங்கள், ஜன்னலைத் திறந்துவைத்தே ஊதுங்கள்.

இனி கணக்கு. நீங்கள் எழுதியதிலிருந்து, வெள்ளியின் எடைக்கு ஒரு விலை போட்டு அதன்மேல் ஏதோ ஒரு தொகையைக் கூட்டுகிறீர்கள் என்று புரிகிறது. இப்படிப் போட்டால் ஒருநாளும் மிஞ்சாது, ஏனென்றால் நீங்கள் விற்பது பெரும்பாலும் நேரத்தை. ஒரு நகைக்குத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கடிகாரம் பார்த்து எழுதுங்கள். அறுத்தது, ராவியது, மெருகு போட்டது மட்டும் போதாது. படம் எடுத்தது, வாங்குகிறவரின் கேள்விகளுக்குப் பதில் எழுதியது, பெட்டியில் கட்டியது, அனுப்பப் போய்வந்தது எல்லாமே நேரம்தான். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று உங்கள் கூலியை முடிவு செய்துகொண்டு, அதோடு சேதாரம் சேர்த்த வெள்ளி, ரம்பப்பட்டி, உப்புத்தாள், வாயு, வெங்காரம் இவற்றின் பங்கு, கருவிகளின் தேய்மானம், அதற்குமேல் லாபம். கூலி வேறு, லாபம் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் விலையில் பாதிவரைகூட எடுத்துக்கொள்வார், அதற்கும் இடம் விட்டுத்தான் விலை போட வேண்டும். வெள்ளி விலை ஏறி இறங்குவதால் உலோகத்தையும் கூலியையும் தனித்தனியாக எழுதிவைத்தால் மாற்றுவது சுலபம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சில நகைகள் உங்களுக்கு நஷ்டம் என்று தெரியும். பிடித்த நகையாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள், அல்லது மூன்று மணி நேர வேலையை ஒன்றரை மணிக்குக் கொண்டுவர வழி பாருங்கள். வடிவங்கள் குறைந்தால் அதுவும் நடக்கும். ஒரே பற்றுச்சுருளைப் பன்னிரண்டு தடவை செய்தால் கை தானாக வேகம் பிடிக்கும், ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுத்து, மறுநாள் எல்லாவற்றையும் பற்றவைக்கலாம்.

விற்கும்போது எழுதும் வார்த்தைகளில் நேர்மையாக இருங்கள். வார்ப்பு வெளியில் செய்தது என்றால் வெளியில் செய்தது என்றே எழுதுங்கள், "முழுக்கக் கையால்" என்று போடாதீர்கள். வெளியே வார்க்கக் கொடுக்கிற பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதேபோல "இயற்கைக்கு இணக்கமான நகை" என்று சில படங்களுக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி சுரங்கத்திலிருந்து வருவது, அதிலும் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே வருவது. இலை வடிவில் இருப்பதால் மட்டும் அது இயற்கைக்கு நல்லதாகிவிடாது. பழைய வெள்ளியைச் சுத்திகரித்து வாங்குகிறீர்கள், ராவுதூளைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், போதும். பூச்சிகளைச் செத்துக் கிடந்தால் மட்டும் எடுங்கள். சில பறவைகளின் இறகை எடுப்பதே சில நாடுகளில் குற்றம், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். மாதச் சம்பளம் இருப்பதால்தான் ஒரு செடியை அவசரமில்லாமல் பார்க்க உங்களால் முடியும். வாடகைக்காகச் செய்ய ஆரம்பித்தால் நாளை எது விற்குமோ அதை நோக்கித்தான் கை போகும், மறுபடியும் 40 வடிவங்கள் வந்துவிடும். உங்களைத் தெரியாத ஆட்கள் இரண்டாவது தடவை வாங்க வர வேண்டும், நியாயமான கூலி போட்ட விலையில் வாங்க வேண்டும், நீங்கள் செய்து முடிப்பதைவிட வேகமாக அவர்கள் கேட்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து சில மாதங்கள் தொடர்ந்தால் எழுதுங்கள், அப்போது அந்தக் கேள்வியைப் பேசுவோம். அதற்கு முன்னால் எந்தச் செடி என்று முடிவானதும் வரைந்த தாள்களை அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா