கல்லீரல் புற்று அறுவைக்குப் பின் சிறுநீர்ப் புரதம்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் கட்டியை எடுத்து நாலு மாசம் ஆகிறது. யூரின் டெஸ்டில் புரதம் 2+ என்று வந்திருக்கிறது. கட்டி திரும்பிவிட்டதா?

பதில்: அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பட்டையை நனைத்துப் பார்க்கும் டெஸ்ட் பெரும்பாலும் அல்புமின் என்ற புரதத்தைத்தான் காட்டும். அது சிறுநீரகத்தின் சேதி, கல்லீரலின் சேதி அல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காய்ச்சல் எதுவும் காரணமாகலாம். லென்வாட்டினிப், பெவசிசுமாப் என்ற புற்று மருந்துகளாலும் சிறுநீரில் புரதம் போகும். புரதம்–கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவு) விகிதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்போ புற்றுக்கான சிறுநீர்ப் புரதச் சோதனை எது?

பதில்: அது ஆய்வு நிலையில் இருக்கும் வேறு சங்கதி. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் முறை) பல புரதங்களை ஒன்றாக அளந்து, அவற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பார்கள். சிறுநீரகமே சுரக்கும் யூரோமாடுலின் என்ற புரதம் அங்கே பெரிய தொல்லை: அது மண்டிக் கிடப்பதால் சொற்பமாக உள்ளவை மறைந்துபோகும்.

கேள்வி: ஆய்வுக்கு மாதிரி கேட்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பதில்: அவர்கள் வேறு சொல்லாவிட்டால், காலையில் இரண்டாம் தடவை போகும்போது முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். மாதவிடாயோ கிருமித்தொற்றோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டுமே 120–150 மில்லிகிராம். ஆரோக்கியமானவர் நாள் முழுக்க வெளியேற்றும் புரதமே 150 மில்லிகிராமுக்குள்தான். ரத்தம் கலந்தால் கணக்கே கெட்டது! உடனே குளிரில் வைத்து ஒப்படையுங்கள், வீட்டில் உறையவைக்க வேண்டாம். லேபில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிச் செல்களைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். உறைந்து உருகி உறைந்தால் புரதம் சிதையும். தண்ணீர் அதிகம் குடித்தால் எல்லாமே நீர்த்துத் தெரியும் என்பதால் கிரியாட்டினினோடு ஒப்பிட்டே எண்ணைப் படிப்பார்கள்.

கேள்வி: அந்தச் சிறுநீர்ச் சோதனை சரியாக வந்தால் ஸ்கேனை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. முதல் இரண்டு வருஷம்தான் கட்டி திரும்ப அதிக வாய்ப்பு. அதனால் 3–4 மாதத்துக்கு ஒருமுறை ஏஎஃப்பியும் (பல கல்லீரல் கட்டிகள் சுரக்கும் புரதத்துக்கான ரத்தச் சோதனை) மூன்று கட்ட (சாய மருந்து ஏற்றி மூன்று நேரங்களில் படமெடுக்கும்) சிடி அல்லது எம்ஆர்ஐயும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான நடைமுறை.

கேள்வி: அறுவைக்கு முன் ஏஎஃப்பி 800. மூன்று வாரம் கழித்து 95. ஏன் இன்னும் இயல்புக்கு வரவில்லை?

பதில்: அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம், 5–7 நாள். ஏழு நாள் என்றே வைத்தால் 800, 400, 200, 100. உங்கள் எண் கணக்கோடு ஒத்துப்போகிறது. இன்னும் மூன்று, நாலு வாரம் பொறுங்கள். பாதியில் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ ஸ்கேனை முன்னதாகவே எடுக்கச் சொல்வார்கள்.