கலிஃபோர்னியாவில் கட்டணமில்லாத கம்யூனிட்டி காலேஜ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பல வருடமாக ஒரு கம்யூனிட்டி காலேஜின், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியின், நிதியுதவி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி அனுப்புங்கள் என்றேன். வந்ததில் பாதிப் பேர் கேட்டது ஒன்றையேதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அக்கா, நிஜமாகவே இலவசமா? எங்கேயோ ஒரு கொக்கி இருக்கணுமே. (சான் ஹோசே)

கொக்கி இல்லை, வழி இரண்டு இருக்கிறது. குழப்பம் அங்கேதான். ஒன்று ‘கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட்’. இது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் கட்டணம் தள்ளுபடி. வேலைக்குப் போய்க்கொண்டே மெதுவாகப் படிப்பவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். இன்னொன்று 2017இல் வந்த ஏபி 19 என்ற மாநிலச் சட்டத்தின் ‘ப்ராமிஸ்’ திட்டம். இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் முதன்முறை கல்லூரிக்கு வருபவராக இருக்க வேண்டும், செமஸ்டருக்கு 12 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) எடுக்க வேண்டும், நிதியுதவி விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் இருந்தது, 2019இல் இரண்டு வருடமாக்கினார்கள். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்வது கல்லூரி. அதனால் உங்கள் கல்லூரியில் என்ன நடைமுறை என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயரை வைத்த புண்ணியவானை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். யூனிட்டுக்கு 46 டாலர்தானே, அது போனால் போதுமா? பஸ், புத்தகம், சாப்பாடு எல்லாம் இருக்கே ஆன்ட்டி. (ஹேவர்ட்)

நீ கேட்டதுதான் சரியான கேள்வி. 12 யூனிட்டுக்கு 552 டாலர். பே ஏரியாவில் அது பலருக்கு அரை மாத வாடகைகூட இல்லை. பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் இந்தப் பணத்தால் அல்ல. வாடகை, கார் ரிப்பேர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, இவற்றால்தான் விடுகிறார்கள்.

அதனால் கட்டணம் தள்ளுபடி ஆனதும் நின்றுவிடாதே. ஃபாஃப்சா போடு, அதுதான் ஃபெடரல் நிதியுதவி விண்ணப்பம். தகுதி இருந்தால் ‘பெல் கிராண்ட்’ என்ற ஃபெடரல் உதவித்தொகை வரும். 2025-26க்கு அதன் உச்சவரம்பு 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, வேறு மாநிலத்தோடு ஒப்பிட்டால் புரியும். 2015இல் முதல் மாணவர்களைச் சேர்த்த ‘டென்னசி ப்ராமிஸ்’ திட்டத்தில் பெல் பணம்தான் முதலில் கட்டணத்துக்குப் போகும், மீதி இருக்கும் கட்டணத்தை மட்டும் மாநிலம் கட்டும். ஏழைப் பிள்ளையின் கட்டணத்தைப் பெல்லே அடைத்துவிடுவதால் மாநிலப் பணம் அவன் பக்கம் வருவதே இல்லை. நம் ப்ராமிஸ் கிராண்ட்டில் கட்டணம் முதலிலேயே தள்ளுபடி ஆகிவிடும், அதனால் பெல் பணம் உன் கைக்கு வரும். பஸ், புத்தகம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதுதான். என் மேசைக்கு வருபவர்களில் எத்தனையோ பேர் “ஃப்ரீ ஆயிடுச்சு” என்று ஃபாஃப்சாவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, ‘ஈஓபிஎஸ்’ அலுவலகம் எங்கே என்று கேள். 1969 முதல் இருக்கும் திட்டம். வசதி குறைந்த பிள்ளைகளுக்குத் தனி கவுன்சிலர், புத்தக உதவி கொடுப்பார்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பாட அட்டவணையில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்குத் தனிக் குறி இருக்கும், அதையும் பார்த்து எடு.

தங்கச்சி, நாங்கள் இலங்கையில இருந்து வந்து அசைலம் கேட்டனாங்கள், வழக்கு இன்னும் முடியேல்ல. மகள் ஒன்பதாம் வகுப்பில இருந்து இஞ்சதான் படிச்சவள். அவளுக்கும் கிடைக்குமோ? (லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்)

கிடைக்க வழி இருக்கிறது அண்ணா. அசைலம், அதாவது அரசியல் தஞ்சம், கிடைக்கும்வரை ஃபாஃப்சா போட முடியாது. ஆனால் ஏபி 540 என்ற மாநிலச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடமாவது இங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் சேரலாம். கல்லூரியில் ஒரு உறுதிமொழிப் படிவம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு ‘கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட்’ விண்ணப்பம். அது மாநிலத்துக்குப் போவது, கட்டணத் தள்ளுபடியை அதன் வழியாகக் கேட்கலாம். அசைலம் கிடைத்த பிறகு ஃபாஃப்சாவுக்கு மாறிக்கொள்ளலாம். வழக்கைப் பற்றி மட்டும் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் மகனுக்கு? (ஃப்ரீமாண்ட்)

ஃபெடரல் உதவி கிடையாது. செல்லுபடியாகும் ஹெச்-4 இருக்கும்வரை ஏபி 540ம் பொருந்தாது. ஆனால் ஹெச்-4இல் இருப்பவர் இங்கே வசிப்பிடத் தகுதி பெறலாம். ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்த சான்றுகளைக் காட்டினால் அதே 46 டாலர்தான். 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கணக்கே மாறிவிடும், அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

என் தங்கச்சி பையன் மதுரையில் பிளஸ் டூ முடிச்சிருக்கான். இலவசம்னா அங்கே வரவழைச்சிடலாமா?

முடியாது சார். வெளிநாட்டு மாணவருக்கு யூனிட்டுக்குச் சில நூறு டாலர்.

கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னா சொந்தக்காரங்க ஒரு மாதிரி பார்க்கிறாங்க. பிள்ளைக்கு மார்க் இருக்கு, பணம்தான் இல்லை.

பார்க்கட்டும். இரண்டு வருடம் இங்கே, மீதி இரண்டு வருடம் யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) படித்தால் பட்டத்தில் யூசி பெயர்தான் இருக்கும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் தகுதியான கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இட உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை, அங்கே போட்டிதான். கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு) பக்கம் போக வேண்டுமென்றால் டிரான்ஸ்பருக்கென்றே ஒரு அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) இருக்கிறது, 2010 சட்டத்தில் வந்தது.

நிஜமான ஆபத்து வேறு. தேவையில்லாத பாடங்களை எடுத்து இரண்டு வருடம் நாலு வருடமாகிவிடும். முதல் செமஸ்டரிலேயே ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பாருங்கள். கவுன்சிலரைப் பார்க்கப் பதிவு வாரத்தில் போகாதீர்கள், வரிசை திருப்பதி மாதிரி இருக்கும்.

போன செமஸ்டர் சொதப்பிட்டேன். கிராண்ட் போயிடுமா?

ஒரு செமஸ்டரால் போகாது. தொடர்ந்து இரண்டு முக்கிய செமஸ்டர்களில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.0க்குக் கீழே இருந்தாலோ, எடுத்த பாடங்களில் பாதிக்கு மேல் முடிக்காவிட்டாலோதான் தள்ளுபடி நிற்கும். நிறுத்தினாலும் மேல்முறையீடு உண்டு, உடம்பு சரியில்லாதது, வீட்டுச் சூழ்நிலை எல்லாம் ஏற்றுக்கொள்வார்கள். வகுப்புக்குச் சும்மா போகாமல் மட்டும் இருந்துவிடாதே. போன வருடம் ஒரு பையன் மூன்று வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, தானாகவே பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நம்பினான். எடுக்கவில்லை, மூன்றிலும் எஃப். விலகும் கடைசித் தேதி உன் கல்லூரி காலண்டரில் இருக்கிறது.

ஃபாஃப்சா நிரப்பித் தர ஒருத்தர் 200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. அந்தப் பெயரில் முதல் எழுத்தே ‘ஃப்ரீ’ என்ற சொல்லுக்குத்தான். மாநில உதவிக்கு மார்ச் 2க்குள் போட்டுவிடுவது நல்லது. கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு ‘கால் கிராண்ட்’ என்ற மாநில உதவித்தொகை கேட்க செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. புரியாத பக்கம் வந்தால் லேப்டாப்பை அப்படியே திறந்தபடி உங்கள் கல்லூரி நிதியுதவி மேசைக்குக் கொண்டு போங்கள். எங்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.