உப்புக்காற்றில் மொத்தப் பூச்சந்தை: கேள்வி பதில்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேசுவரம் தீவு ஆகிய இடங்களிலிருந்து மொத்த வியாபாரிகளும் மல்லிகை போட்டவர்களும் பூக் கட்டுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. "மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தை மாதிரி நமக்கும் ஒரு கட்டடம் வந்துவிட்டால் போதாதா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. அங்கே சரியாக நடக்கிற ஏற்பாடுகளில் பாதி, கடலோரத்தில் தோற்றுப்போகும். இங்கே காற்றில் ஈரமும் உப்பும் இருக்கின்றன. பல இடங்களில் நிலத்தடி நீரும் உவர்ப்பு. இந்த மூன்றையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் மல்லிகை வருது. காலை 4 மணிக்கு மூட்டை இறங்குறப்ப பூ நல்லாத்தான் இருக்கு. 7 மணிக்குள்ள பழுப்பு ஏறிடுது. குளிர்சாதன அறை வைக்கலாமா? (கமிஷன் கடைக்காரர், ராமநாதபுரம்)

அண்ணே, அறைக்குப் பணம் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மூட்டையை அவிழ்த்த உடனே நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். ஓரத்துப் பூ குளிர்ச்சியாக இருக்கும், நடுப்பூ கதகதவென்று சுடும். பறித்த பிறகும் மொட்டு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவில் தங்குகிறது. சூடு ஏற ஏற மூச்சும் வேகமாகும், அதனால் இன்னும் சூடு. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டினால் தெரியும்: முதலில் இதழின் நுனியில் பென்சில் முனை அளவுக்குத் தவிட்டு நிறம், பிறகு காம்பை ஒட்டி ஒரு வளையம். இந்த நிலைக்கு வந்த பூவைக் குளிர் அறையில் வைத்தாலும் மீளாது.

ஆகவே மூட்டை வண்டியிலிருந்து இறங்கி, எடை போட்டு, விரித்துக் கொட்டுவது வரை 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வலை அடித்த சட்டங்கள் செய்துகொள்ளுங்கள். மரச்சட்டம் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அடியில் நைலான் கொசுவலையை இழுத்து அடியுங்கள். இரும்பு வலை துருப்பிடித்துப் பூவில் கறை ஏற்றும். அதில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் பூ நிற்கக் கூடாது. அடியிலும் காற்று போனால் கால் மணி நேரத்தில் சூடு தணிந்துவிடும். அனுப்புகிறவரிடமும் பேசி, ஒரு சிப்பம் 10 கிலோவைத் தாண்டாமல் கட்டச் சொல்லுங்கள். சாயல்குடிப் பக்கத்துப் பனை ஓலைக் கொட்டான் கிடைத்தால் பிளாஸ்டிக் சாக்கை விட்டுவிடலாம். ஓலைப் பின்னல் காற்றை விடும், கசிகிற ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் தினமும் பூ மிஞ்சுகிறது என்றால், அப்போது குளிர் அறையைப் பற்றிப் பேசலாம்.

இரட்டைச் செங்கல் சுவர் கட்டி, நடுவில் ஈர மணல் நிரப்பினால் கரண்ட் இல்லாமலே குளிரும் என்கிறார்களே. பாம்பனில் கட்டலாமா?

கட்டிப் பெரிய பலன் இல்லை தம்பி. அந்த அறை நீர் ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. உள்நாட்டில் ஒரு வறண்ட மதியம் 36 டிகிரி வெயில், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் இந்த முறையில் ஏறத்தாழ 25 டிகிரி வரை இறங்க இடம் உண்டு. பாம்பனில் 31 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 28 டிகிரிக்குக் கீழே போகாது. மூன்று டிகிரிக்காகச் செங்கல், மணல், தினம் இரண்டு வேளை நல்ல தண்ணீர் எல்லாம் செலவாகும். அந்த ஈரத்தில் சம்பங்கிக்கும் செவ்வந்திக்கும் பூஞ்சணம் பிடிக்கும். அதே காசை நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் போடுங்கள்.

மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கு. அதே ஐஸைப் பூவுக்குப் போடலாமா? எவ்வளவு?

போடலாம். இந்தக் கரையில் நமக்கு இருக்கிற பெரிய வசதியே அதுதான். ஆனால் ஐஸ் பூவைத் தொடக் கூடாது. தொட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி, அரை மணியில் கறுத்துவிடும்.

கணக்கு இது: 10 கிலோ மல்லிகையை 32 டிகிரியிலிருந்து 18-க்கு இறக்க ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் உருக வேண்டும். பெட்டிக்குள் கசிகிற வெளிச்சூட்டையும் பூவே விடுகிற சூட்டையும் சேர்த்தால், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 3 கிலோ வையுங்கள். ஐஸை இரண்டு உறைகளில் போட்டு வாயை இறுகக் கட்டி, செய்தித்தாளில் நாலு மடிப்பு சுற்றி, பூவுக்கு மேலே வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அடியில் வைத்தால் அடிப்பூ விறைக்கும், மேல்பூ வேகும்.

பலர் ஏமாறுகிற இடம் இனிமேல்தான். குளிர்ந்த பெட்டியை ராமேசுவரத்து ஈரக்காற்றில் திறந்ததும் மொட்டின் மேல் பனி படரும். துடைக்க முடியாது, காயவும் காயாது. மதியத்துக்குள் அந்தப் பூ அழுகல் வாடை அடிக்கும். ஆகவே 10 கிலோவை ஒரே பெட்டியில் அடைக்காமல் இரண்டு 5 கிலோ பெட்டிகளாக, பெட்டிக்கு ஒன்றரை கிலோ ஐஸ் வைத்து அடையுங்கள். ஒன்று விற்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். மீன் வந்த தெர்மாகோல் பெட்டியைக் கழுவிப் பூவுக்கு எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது, சாமிக்குப் போகிற பூ அது.

புதுக் கொட்டகை போடப் போகிறோம். தகரமா, கான்கிரீட்டா? கடலிலிருந்து அரை கிலோமீட்டர்தான். (வியாபாரிகள் சார்பில், ராமேசுவரம்)

இரண்டிலும் தப்பு செய்ய வழி உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கான்கிரீட் தூண் என்றால், ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி கடலோரம் 'கடுமையான சூழல்' வகையில் வரும். குறைந்தது எம் 30 கலவை (எம் எண் கூடினால் கான்கிரீட்டின் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல். அலைத்திவலை நேராகத் தெறிக்கிற இடமானால் எம் 35, 50 மி.மீ. உள்ளூரில் வழக்கமாக 25 மி.மீ. கவர் கட்டையை (இந்த மூடலுக்கு இடம்விட வைக்கிற சிறு கட்டையை) வைத்துவிடுகிறார்கள். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, சில வருடங்களில் தூண் செதில் செதிலாக வெடிப்பது அதனால்தான். கலவைத் தண்ணீரையும் கவனியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றினால், உப்பை நம் கையாலேயே உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும்.

இரும்புச் சட்டம் என்றால், முதலில் வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்துவிட்டு, அதன் பிறகு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். களத்தில் போல்ட் மட்டும் போட்டு இணைக்க வேண்டும். பூச்சு ஏறிய குழாயைக் கொண்டுவந்து இங்கே வெல்டிங் அடித்தால், அடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு அங்கேதான் தொடங்கும்.

நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வையுங்கள். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சானும் வடகிழக்கிலிருந்து வருகிற வாடையும் குறுக்கே புகுந்து வெளியேறும். வியாபாரம் விடியற்காலை தொடங்கி 9 மணி வரை என்பதால், கிழக்குக் குறும்பக்கத்தில் தாழ்ந்த வெயிலை மறிக்க ஜன்னல் கல் அல்லது மூங்கில் தட்டி வேண்டும். கூரையின் தாழ்ந்த ஓரம் 3.6 மீட்டர் உயரம், முகட்டில் சூட்டுக்காற்று வெளியேற நீள இடைவெளி, வடக்குப் பக்கம் ஐப்பசி கார்த்திகைச் சாரலுக்கு 1.2 மீட்டர் நீட்டிய இறவாரம். கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சு. புயல் காற்று முதலில் ஓரத்தையும் மூலையையும்தான் தூக்கும், ஆகவே அங்கே ஆணிகளின் இடைவெளி நடுக்கூரையில் இருப்பதில் பாதியாக இருக்கட்டும்.

தரை எப்பவும் வழுக்குது. சுமை தூக்குறவங்க விழறாங்க.

வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தால் பெயர்த்துவிடுங்கள். சொரசொரப்பான கடப்பா கல், அல்லது துடைப்பக் கோடு இழுத்த கான்கிரீட் போதும். தரையின் சரிவு மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், இரண்டைத் தாண்டினால் தள்ளுவண்டி தானாக ஓடும். வாறுகாலை (கழிவுநீர் ஓடையை) நடைபாதையின் நடுவில் போடாமல் மேடைக்கு அடியில் ஓட விடுங்கள். 30 செ.மீ. அகலம், உருண்டையான அடி, கையால் தூக்குகிற பிளாஸ்டிக் மூடி. வெளியேறும் வாயில் இதழைப் பிடிக்க இரண்டு சல்லடை வையுங்கள், முதலில் பெரிய கண், அடுத்தது சின்னக் கண். ஒரே சல்லடை வைத்தால் ஏலம் முடிவதற்குள் அடைத்துக்கொள்ளும்.

நடைபாதை 2.4 மீட்டருக்குக் குறைய வேண்டாம். தலைச்சுமைக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உரசாமல் போக அவ்வளவு வேண்டும். பைக்கை உள்ளே விடாதீர்கள். இடைஞ்சல் மட்டும் இல்லை, அதன் புகையில் எத்திலின் வாயு இருக்கிறது. மல்லிகையும் கனகாம்பரமும் அதற்குச் சீக்கிரம் உதிரும். பழுக்கிற பழமும் இதே வாயுவை விடும், பழக்கடையைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தங்கச்சிமடத்தில் மல்லிகைக் கன்று போடுறோம், பூவும் கொஞ்சம் எடுக்கிறோம். கடைக்குக் கடை எடை மாறுது. எப்படி நம்புறது?

ஐயா, இந்தியாவெங்கும் மல்லிகைக் கன்று அனுப்புகிற ஊர் உங்களுடையது. உங்கள் பூ எடையில் குறையக் கூடாது. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டிருக்க வேண்டும், தேதியைப் பாருங்கள். சந்தை வாசலில் முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல் ஒன்றைச் சங்கிலியில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். யாரும் எந்தத் தராசிலும் வைத்துப் பார்க்கலாம் என்றால் சண்டை பாதி குறையும். மின்விசிறிக்குக் கீழே தராசு இருந்தால் அகலத் தட்டைக் காற்று அழுத்தி எண் ஆடும். கச்சான் வீசுகிற மாதங்களில் மூன்று பக்கம் மறைப்பு அவசியம். தண்ணீர் தெளித்த பூவால் வாங்குகிறவருக்கு நஷ்டம். அதற்குத் தராசுத் தட்டே துளைத்தட்டாக இருக்கட்டும். கொட்டி ஒரு நிமிடம் வடிய விட்டு எடையைப் படியுங்கள்.

விளக்கு மஞ்சளா வெள்ளையா? (கீழக்கரை)

வெள்ளை, காக்கா (கீழக்கரையில் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்). வெளிச்சத்தின் நிற அளவு 4000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90. மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பேறிய மொட்டும் நல்ல மொட்டும் ஒன்றாகத் தெரியும், விடிந்த பிறகுதான் தகராறு வரும். ஈரமும் உப்பும் புகாத ஐ.பி. 65 உறை கேட்டு வாங்குங்கள்.

தெளிக்க நல்ல தண்ணீர் இல்லை. போர் உவர்ப்பு.

உவர்த்தண்ணீர் காய்ந்ததும் இதழில் உப்புப் புள்ளி நிற்கும், அந்தப் புள்ளியே பழுப்பாகும். கூரை மழையைப் பிடியுங்கள். 24-க்கு 9 மீட்டர் கூரை என்றால் 216 சதுர மீட்டர். 40 மி.மீ. மழை ஒன்று 8,640 லிட்டர், சேதாரம் போக 7,000 லிட்டருக்கு மேல் தொட்டிக்கு வரும். கடலோரக் கூரையில் கோடை முழுக்க உப்பு படிந்திருப்பதால் முதல் 2 மி.மீ. மழையை, இந்தக் கூரைக்கு 430 லிட்டரை, தனிக் குழாயில் வெளியே விட்டுவிடுங்கள். தரை கழுவ உவர்த்தண்ணீரே போதும்.

உத்தரகோசமங்கைக்குத் தாழம்பூ கொண்டுபோறோம். மற்ற பூவோட வைக்கலாமா?

வேண்டாம். மடல் ஓரத்து முள் மற்ற பூக்களைக் கிழிக்கும். ஈரத்துணி சுற்றித் தனியாக நிறுத்தி வையுங்கள்.

மிஞ்சின மாலையை ஆடு தின்னட்டும்னு வெளியே போடுறோம். தப்பா?

தப்பு, இன்றைக்கே நிறுத்துங்கள். மாலையில் அரளி இருக்கும். பச்சையானாலும் காய்ந்தாலும் அரளி விஷம், ஆடு மாடு செத்துப்போகும். கழிவுக் குழிக்கு ஆடு நுழையாத வேலி கட்டாயம். நைலான் நூலையும் சரிகையையும் முதலில் உருவிவிடுங்கள். வாழைநாரில் கட்டியது அப்படியே மக்கும். மூன்று கூடை ஈரப்பூவுக்கு ஒரு கூடை காய்ந்த இலை அல்லது தென்னைநார்க் கழிவு, வாரம் ஒருமுறை புரட்டல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.

நாங்க இருபது பேர் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து தரையில் உட்கார்ந்து பூக் கட்டுறோம். எங்களுக்கு ஏதாவது வரைபடத்தில் இருக்கா?

இருக்க வேண்டும் அக்கா. பெரும்பாலான வரைபடங்களில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒருவருக்கு ஒன்றேகால் சதுர மீட்டர், ஆக உங்கள் இருபது பேருக்கு 25 சதுர மீட்டரை முதலிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்ச இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் மிஞ்சாது. சாய்ந்து உட்கார முதுகுப் பலகையோடு 40 செ.மீ. உயர மேடை, மடிக்கு நேராக ஓரம் தூக்கிய பலகை. வலக்கையால் கட்டுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வரட்டும், கை நிழல் முடிச்சில் விழாது. கழிப்பறை அந்த மேடையிலிருந்து 30 மீட்டருக்குள், உள்தாழ்ப்பாளோடு, போகிற வழி முழுக்க விளக்கோடு இருக்க வேண்டும். சாவி காவலாளியிடம் இருக்கக் கூடாது. உங்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.